மரம் வைத்தவன் ஊற்றும் தண்ணீர்

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்கிறது தமிழ். வாயைக் கொடுத்தவன் சோற்றையும் கொடுப்பான் என்கிறது வங்காளம். ஐந்தாவது பிள்ளையை வயிற்றில் சுமப்பவளுக்கு மாமியார் சொல்லும் ஆறுதல் அது. மூன்றாவது பிள்ளையை மண்ணில் புதைத்துவிட்டு வந்தவளிடம் அதையே சொல்ல முடியாது. தண்ணீர் வராமல் மரம் பட்டுப்போனால் அது யார் குற்றம்? வைத்தவனுடையதா, பக்கத்திலேயே குடத்தோடு நின்றவர்களுடையதா?

இந்தக் கேள்விக்கு 1798-ல் ஒரு பதில் வந்தது. எழுதியவர் தாமஸ் மால்தஸ், ஆங்கிலிகன் திருச்சபையின் பாதிரியார். மக்கள்தொகை பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது, பஞ்சமும் நோயும் வந்து கணக்கை நேர்செய்யும் என்று அவர் சொன்னதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். அந்த நூலின் கடைசி இரண்டு அத்தியாயங்களைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அவை முழுக்க இறையியல். கருணையுள்ள கடவுள் ஏன் பசியைப் படைத்தார்? மனிதனின் மந்த புத்தியைத் தட்டி எழுப்புவதற்காக என்று விளக்கம் தந்தார் மால்தஸ். 1803-ல் வந்த விரித்த பதிப்பில் அந்த அத்தியாயங்கள் இல்லை. அதற்குப் பதில் இன்னும் கடுமையான ஒரு பத்தி சேர்ந்தது: இயற்கை வைக்கும் விருந்தில் ஏழைக்கு இலை போடவில்லை என்ற பொருளில். எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த பதிப்பில் அதையும் நீக்கிவிட்டார். நூலிலிருந்து போன பத்தி உலகத்தின் மனதிலிருந்து போகவில்லை.

1974-ல் அது வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் ஒரு பத்திரிகையில் உயிர்காப்புப் படகு உவமையை எழுதினார். படகில் ஐம்பது பேர். இன்னும் பத்துப் பேருக்கு இடம் உண்டு. தண்ணீரில் நூறு பேர் தத்தளிக்கிறார்கள். எல்லோரையும் ஏற்றினால் எல்லோரும் மூழ்குவோம். ஆகவே ஏழை நாடுகளுக்குச் சோறு அனுப்பாதீர்கள், இன்று பிழைக்கும் குழந்தை நாளை இன்னும் பல பசித்த வாய்களைப் பெற்றுப்போடும் என்பது அவர் வாதம். அது அச்சான அதே மாதங்களில் வங்கதேசத்தில் பஞ்சம். மூன்று ஆண்டு முன்பு, அதே கிழக்கு வங்காள மக்கள் சாவதைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் எதிர்ப்பக்கத்து உவமையை எழுதியிருந்தார்: ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, உடுப்பு சேறாகும் என்பதற்காக நீங்கள் இறங்காமல் இருப்பீர்களா?

ஒருவர் படகு, ஒருவர் குளம். இரண்டும் பசித்த ஏழை நாடுகளைப் பார்த்து எழுந்தவை. எது சரி என்பதை நாற்காலியில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. பிழைத்த குழந்தை வளர்ந்து என்ன ஆனது என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். டாக்காவிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தென்கிழக்கே, சாந்த்பூர் மாவட்டத்தில் மத்லப் என்ற ஆற்றங்கரைப் பகுதி. காலரா ஆராய்ச்சிக்காக 1960-களில் அங்கே போனவர்கள், 1966 முதல் கிராமம் கிராமமாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் குடிபெயர்வையும் எழுதி வைத்து வருகிறார்கள். ஏழை நாட்டுக் கிராமங்களைப் பற்றி இவ்வளவு நீண்ட பதிவேடு உலகில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

இந்த ஆராய்ச்சியின் முதல் கொடை உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். குளூக்கோஸோடு சேர்ந்தால் சோடியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரும் கூடவே உள்ளே போகும். வயிற்றுப்போக்கால் காய்ந்துபோகும் உடலைக் காக்க ஊசியும் குழாயும் பெரும்பாலும் தேவைப்படாது. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து தப்பி வந்தவர்கள் தங்கிய போங்காவ் அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலிப் மகாலனபிஸ் இதைத் துணிந்து கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1980-களில் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு அமைப்பின் பெண்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் முற்றத்தில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பாக்கெட் கிடையாது, தராசு கிடையாது. தாயின் கைதான் அளவு. கற்றுக்கொடுத்தவளுக்கான சம்பளம், பிறகு இன்னொருவர் வந்து கேட்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தது.

குழந்தைகள் பிழைத்தார்கள். ஹார்டினின் பயம் பலித்ததா?

ஏழைத் தாய் கணக்குத் தெரியாமல் பெறுகிறாள் என்பதுதான் மால்தஸ் முதல் ஹார்டின் வரை எல்லோரும் எடுத்துக்கொண்ட முடிவு. மீட் கெயின் என்ற ஆய்வாளர் 1970-களில் வங்கதேசக் கிராமம் ஒன்றில் தங்கி, பிள்ளைகள் செய்யும் வேலையை மணிக்கணக்கில் அளந்தார். பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பையன் தான் தின்பதைவிட அதிகம் உழைத்துத் தருகிறான். பதினைந்து வயதுக்குள் அதுவரை தின்றதையெல்லாம் ஈடுகட்டிவிடுகிறான். மகன் இல்லாத விதவைக்கு நிலம் தங்காது. இரண்டில் ஒன்று நிற்குமா என்று தெரியாத ஊரில் ஆறு பெறுவது அறியாமை ஆகாது. சாவை எதிர்பார்த்து எழுதிய கணக்கு அது. இந்தப் பெண்களின் புத்தி மந்தமாக இருந்தது என்று நினைத்தவர்கள் அவர்களுடைய முற்றத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

1975-ல் மத்லபில் கருத்தடை மாத்திரைகளை வீடுவீடாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத வயதான விதவைகள். பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கை சில மாதம் ஏறிப் பிறகு சரிந்துவிட்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தலை சுற்றியபோது பதில் சொல்ல அந்த விதவைகளால் முடியவில்லை. 1977 அக்டோபரில் முறையை மாற்றினார்கள். ஏறக்குறைய பாதிக் கிராமங்களுக்கு மட்டும் எண்பது பெண்கள். உள்ளூர்க்காரிகள், படித்தவர்கள், திருமணமானவர்கள், தாங்களே கருத்தடை செய்துகொண்டவர்கள். பர்தா காரணமாக வாசல் தாண்ட முடியாதவளின் முற்றத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவர்கள் போனார்கள். மாத்திரை, ஊசி, எது வேண்டுமோ அது. வேண்டாம் என்றால் அதுவும் சரி. அடுத்த முறை மறுபடி வந்து நலம் விசாரித்தார்கள். பிறகு தட்டம்மைத் தடுப்பூசியும் தாய்மார் கவனிப்பும் சேர்ந்தன.

மீதிக் கிராமங்களுக்கு வழக்கமான அரசுச் சேவை மட்டும். இருபது ஆண்டு கழித்து எடுத்த கணக்கை ஷரீன் ஜோஷியும் பால் ஷுல்ட்ஸும் ஒப்பிட்டபோது, திட்டம் போன ஊர்களில் பிறப்பு சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது. குழந்தைகள் அதிகம் பிழைத்தார்கள், தாய்மாரின் உடல் எடை தேறியிருந்தது. 15 சதவீதம்தானா என்று கேட்கலாம். திட்டம் போகாத ஊர்களிலும் பிறப்பு குறைந்துகொண்டே வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளை நிற்கும் என்ற நம்பிக்கை, பெண்களின் படிப்பு, கையில் வரும் கூலி எல்லாம் எல்லா ஊரிலும் மெல்ல வேலை செய்தன. 1970-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறுக்கும் மேல் என்றிருந்த நாடு இன்று 2.3 அருகில் நிற்கிறது. 1990-ல் ஆயிரம் குழந்தைகளில் 140-க்கும் மேல் ஐந்து வயதைக் காணாமல் போயின. இன்று சுமார் 30. மக்கள்தொகை இரட்டிப்புக்கும் மேல் ஆனது உண்மை. படகு மூழ்கவில்லை.

1974 பஞ்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுற்றியிருந்த ஆண்டுகளைவிட அந்த ஆண்டில் நாட்டில் அரிசி அதிகமாகவே இருந்தது என்று அமர்த்தியா சென் 1981-ல் காட்டினார். வெள்ளத்தில் கூலி வேலை போய், விலை ஏறி, வாங்கச் சக்தியற்றவர்கள் செத்தார்கள். இலை போட இடம் இருந்தது, போடவில்லை.

இதில் கடவுள் எங்கே? வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற குர்ஆன் கட்டளையைக் காட்டி மதப் பெரியவர்கள் சிலர் எதிர்த்ததில் வியப்பில்லை. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, கருத்தரிப்பைத் தவிர்ப்பதும் பிறந்த குழந்தையைக் கொல்வதும் ஒன்றல்ல என்று அதே மரபுக்குள் நின்று எழுதியவர். பிள்ளைகள் பெருகிப் படும் சிரமத்தைத் தவிர்க்க நினைப்பதையும் ஏற்கத்தக்க காரணமாக வைத்தார். நம்பிக்கையை விட்டால்தான் குடும்பத்தைத் திட்டமிடலாம் என்பது இரண்டு பக்கத்து அவசரக்காரர்களும் சேர்ந்து கட்டிய கதை. எமர்ஜென்சியில், 1976-ல் மட்டும், இந்தியா 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்தது. அதில் எத்தனையோ பேரைப் பிடித்து இழுத்துப் போனார்கள். ஏழையின் கணக்கை அவமதிப்பதில் அதுவும் மால்தஸின் வழிதான். மத்லபின் எண்பது பெண்கள் அந்தக் கணக்கை மதித்தார்கள்.

மத்லபின் பதிவேட்டில் இன்னொரு வரி மேலேறி வந்தது. வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் அடங்கியபின், ஒன்று முதல் நான்கு வயது வரையிலான சாவுகளில் பெரும் பங்கு குளத்துக்குப் போயிற்று. சிங்கர் உவமைக்கு எடுத்த குளம் அங்கே வீட்டுக்குப் பின்னால் நிஜமாகவே இருக்கிறது. மண் எடுத்து வீட்டை மேடாக்கிய பள்ளம், மீன் வளர்க்க, பாத்திரம் கழுவ. பெரும்பாலும் காலை ஒன்பதுக்கும் பகல் ஒன்றுக்கும் நடுவில் குழந்தைகள் விழுகிறார்கள். தாய் அடுப்படியில் இருக்கும் நேரம் அது.

கிராமத்தில் ஒருத்தி வீட்டில் அந்த நான்கு மணி நேரம் இருபது, இருபத்தைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு 2000-களில் பிறந்தது. பெயர் ஆஞ்சல், முந்தானை என்று பொருள். பார்த்துக்கொள்பவள் ஆஞ்சல் மா. 2022-ல் இப்படி 8,000 மையங்களுக்கு அந்த நாட்டு அரசு ஒப்புதல் தந்தது. தகரக் கூரை, தரையில் பாய், வாசலில் மூங்கில் தட்டி. மணி ஒன்றாகும்போது சோறு வடித்த கையோடு தாய்மார் வருகிறார்கள். தட்டியை விலக்கி, பாட்டைப் பாதியில் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லித் தாயின் இடுப்புக்கு மாற்றிவிடுகிறாள் ஆஞ்சல் மா.