பன்னிரு பெயர் பூண்ட பதி

ஊர்களுக்குச் சிறப்புப் பெயர் வாய்ப்பது பெரும்பாலும் வெற்றியாலும் செல்வத்தாலுமே ஆகும். கங்கை வரை சென்று மீண்ட தன் சேனையின் புகழ் நிலைபெற வேண்டும் என்று முதலாம் இராசேந்திரன் தான் எடுத்த தலைநகருக்குக் கங்கைகொண்ட சோழபுரம் என்று பெயரிட்டான். ஆனால் அதே சோழநாட்டில், காவிரியின் வடகரைத் தலங்களுள் ஒன்றாகிய சீகாழிக்கு வழங்கும் பன்னிரண்டு பெயர்களுள் ஒன்றேனும் ஒரு மன்னனின் வெற்றியைச் சொல்வதாக இல்லை என்பது சிந்திக்கத் தக்கது.

பிரமன் பூசித்தமையால் பிரமபுரம். சூரபதுமனுக்கு அஞ்சிய இந்திரன் மூங்கிலாய் மறைந்திருந்து வழிபட்டமையால் வேணுபுரம். தேவர்கள் புகலடைந்தமையால் புகலி. குரு பகவான் வழிபட்டமையால் வெங்குரு. பிரளய வெள்ளத்தில் தோணியாய் மிதந்தமையால் தோணிபுரம். வராகமூர்த்தி வணங்கியமையால் பூந்தராய். வெட்டுண்டு தலை மட்டுமாய் எஞ்சிய இராகு அருள் பெற்றமையால் சிரபுரம். சிபியின் தசையைக் கேட்ட புறா அப்பாவம் தீர வேண்டியமையால் புறவம். யாதவர்கள் சண்பைப் புல்லால் தம்முள் அடித்துக்கொண்டு மாய்ந்த பழி சாராதிருக்க வேண்டிய வரலாற்றால் சண்பை என்றும், காளிதன் என்னும் நாகம் பூசித்தமையால் காழி என்றும், மச்சகந்தியைக் கூடிய பழி நீங்கப் பராசரர் தவம் புரிந்தமையால் கொச்சைவயம் என்றும், உரோமச முனிவர் மலம் கழுவப் பெற்றமையால் கழுமலம் என்றும் தலபுராணம் சொல்லும். இந்திரன் மறைந்த மூங்கில் இன்றும் அங்கே தலவிருட்சம். கீழே பிரமபுரீசரை வணங்கிக் கட்டுமலைப் படியேறினால், பெரியநாயகியோடு தோணியப்பர் வீற்றிருக்கிறார்.

இவையெல்லாம் பழஞ்சொற்களுக்குப் பிற்காலத்தார் கட்டிய காரணக் கதைகளே என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வாறே இருக்கட்டும். கதை கட்டத் துணிந்தவர்க்கு எந்தக் கதையையும் கட்டும் சுதந்திரம் இருந்ததன்றோ? அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு அவர்கள் தம் ஊருக்கு ஒரு சக்கரவர்த்தியைத் தேடவில்லை; பயந்தவனையும், பழி சுமந்தவனையும், தலையிழந்த அசுரனையும், பாவத்துக்கு அஞ்சிய பறவையையும் தேடிப் பிடித்து, அவர்களுடைய துன்பத்தையே ஊரின் விருதாக அணிவித்தார்கள். கதை மெய்யாயினும் புனைவாயினும், இந்தத் தேர்வு மெய். அத்தேர்வில்தான் அவர்களுடைய சமயம் விளங்குகிறது.

நாமரூபம் கடந்தது என்று வேதாந்தமும் சித்தாந்தமும் ஒருங்கே கூறும் பரம்பொருளுக்கும் அது உறையும் தலத்துக்கும் இத்தனை பெயர் எதற்கு என்னும் வினாவுக்கு விடையும் இதிலேயே அமைந்திருக்கிறது. பெயர்கள் பரம்பொருளின் இயல்பை அளந்து இட்டவை அல்ல. அதனை நாடி வந்த உயிர்களின் குறையால் பிறந்தவை. அஞ்சியவனுக்கு அது மறைவிடம், வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்குத் தோணி, அழுக்குற்றவனுக்குத் தீர்த்தம். குறைகள் பலவாதலால் பெயர்களும் பலவாயின. பொருளோ ஒன்றாகவே நிற்கிறது. படைப்புக் கடவுளின் பெயரில் தொடங்கி மலம் கழுவுதலில் முடியும் அவ்வரிசையே, பிறவி எடுத்த உயிர் வீடுபேற்றை நோக்கிச் செல்லும் யாத்திரையாகவும் அமைந்துவிடுகிறது.

ஏழாம் நூற்றாண்டில் இவ்வூரின் பிரம தீர்த்தக் கரையில் பசித்து அழுது ஞானப்பால் உண்ட திருஞானசம்பந்தர், இத்தலத்துக்கு மாத்திரம் 67 பதிகங்கள் அருளினார். பன்னிரு பெயர்களையும் ஒருங்கே தொடுத்துப் பல்பெயர்ப்பத்து, திருவெழுகூற்றிருக்கை முதலியவற்றைப் பாடினார். அவரும் ஒரு குறையோடு அழுதவரே. எனினும் அவரால் ஊருக்குப் பதின்மூன்றாவது பெயர் ஒன்று ஏற்படவில்லை. அதற்கு மாறாக, பதிகந்தோறும் இறுதிப் பாட்டில் காழி ஞானசம்பந்தன் என்றும், சண்பை ஞானசம்பந்தன் என்றும், புகலி ஞானசம்பந்தன் என்றும் ஊரின் பெயர்களைத் தம் பெயருக்கு முன்னே அவர் வைத்துக்கொண்டார். கேட்டு வருகின்ற நிலையில் உயிர் இறைவனுக்குப் பெயரிடுகிறது. பெற்ற பின்னரோ இறைவனது பெயராலேயே தான் அழைக்கப்பட விரும்புகிறது. சமய வாழ்வு என்பது இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட தூரமே என்று கூறுதல் மிகையாகாது.