வியர்வையில் புண்ணியம் உண்டோ?

வட அமெரிக்கா, நார்வே, பின்லாந்து முதலிய குளிர்நாடுகளில், மின்கம்பி எட்டாத காட்டோரங்களில் சிறு மரக்குடில் அமைத்து வாழ்வோர் உளர். அடுப்பெரியவும் குளிர் தணியவும் அவர்க்கு விறகே துணை. முன்னர்க் கோடரியாலும், பின்னர்ப் பெட்ரோல் ரம்பத்தாலும் விறகு சேர்த்தவருள் பலர், இன்று சூரியத் தகட்டால் மின்னேற்றிய பாட்டரி ரம்பத்தைக் கையாளுகின்றனர். புகையில்லை, இரைச்சலும் குறைவு. இதனைக் கண்ட சிலர், “எளிய வாழ்வு நாடியவனுக்கு யந்திரம் எதற்கு? உடலை வருத்தி உழைப்பதன்றோ அறம்?” என்று வினவுகின்றனர். நம் இல்லங்களில் ஆட்டுக்கல்லின் இடத்திற்குக் கிரைண்டர் வந்தபோதும் இதே பேச்சைக் கேட்டோம். ஆதலின் இதனைத் தம்மத்தின் ஒளியில் ஆராய்வோம்.

அமெரிக்க அறிஞர் தோரோ 1845-இல் இரவல் கோடரியால் மரம் வெட்டி, வால்டன் குளக்கரையில் குடில் எழுப்பி, ஈராண்டுக்கு மேல் வாழ்ந்தார். அக்கோடரி அவர் விரும்பி எடுத்தது. வேண்டியபோது கீழே வைத்தார். நம் பாட்டன்மார் கைக்கோடரியோ அத்தகையதன்று. பிறர் அடுப்புக்கு விறகு பிளந்து, அவ்வீட்டு வாயில் மிதிக்கவும் உரிமையின்றி, கொல்லைப்புறத்தில் கூலி பெற்றவர் அவர். அவ்வியர்வையைப் புகழ்ந்தோர் எவரும் அதில் பங்கு கேட்டதில்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் 1945-இல் வெளியிட்ட நூலில், காந்தியத்தின் யந்திர வெறுப்பை மறுத்தார். மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் வாய்க்க யந்திரம் வேண்டும். குற்றம் யந்திரத்தினுடையதன்று, அதன் பயனைச் சிலரே நுகரும் சமுதாய அமைப்பினுடையது என்பது அவர் கருத்து. பகவன் புத்தரும் கடுந்தவத்தால் உடலை வருத்திப் பார்த்து, அது பயனற்றதெனக் கைவிட்டார். செயலின் தன்மை எண்ணத்தைப் பொறுத்தது என்பதே அவர் போதனை. ஆதலின் வியர்வையிலே தானாகப் புண்ணியம் இல்லை.

ஆயினும் கோடரி ஓர் உதவி செய்தது. கை ஓய்ந்தபோது வெட்டும் நின்றது. பாட்டரி தீர்ந்தாலோ, மற்றொன்றைப் பொருத்துகின்றோம். உடல் வகுத்த எல்லையை இனி மனமே வகுத்தல் வேண்டும். பிக்குகள் உயிருள்ள செடிகொடி மரங்களை வெட்டலாகாது என்பது விநயம். இல்லறத்தார்க்கு அவ்விதி இல்லை. எனினும் அதன் கருணை நமக்கும் உரியது. வீழ்ந்த மரம் இருக்க நின்ற மரத்தை ஏன் அறுக்க வேண்டும்? பச்சை விறகு நீரைச் சுமந்து, புகைந்து, வெப்பம் குன்றும். பிளந்து பல மாதம் உலர்த்தினால் குறைந்த விறகே போதும். முன்னறிந்து செய்யும் இம்முயற்சி மரத்தையும் காக்கும்.

மற்றொன்று சோராமை, பாலியில் அப்பமாதம் என்பர். பெட்ரோல் ரம்பம் உறுமி எச்சரிக்கும். பாட்டரி ரம்பமோ ஊமைபோல் கிடக்கும். விசை அழுந்தினால் கணத்தில் சங்கிலி ஓடும். ஆதலின் பாட்டரியைக் கழற்றிய பின்னரே சங்கிலியைத் தொடுதல் வேண்டும். ஆலையில் யந்திரங்களோடு வாழ்ந்த நாம் கண்டது இது: விரல் இழந்தோர் பலர் புதியவர் அல்லர், பழகிவிட்டோம் என்று எண்ணியவரே.

ஆகவே, யந்திரம் கொள்க. அது மீட்டுத் தரும் நேரத்தில் குழந்தைக்கு எழுத்தறிவிக்கலாம், தம்மம் படிக்கலாம், விறகு பிளக்க வலுவற்ற அண்டை வீட்டு முதியவர்க்கும் ஒரு சுமை சேர்த்து அறுக்கலாம். நம் பாட்டன்மார்க்குக் கிட்டாத அந்த நேரத்தை நாம் எதில் செலவிடுகின்றோம் என்பதையே, உபாசகர்களே, நாள்தோறும் நம்மை நாம் கேட்டுக்கொள்வோமாக.