அன்பளிப்பின் மேலுறை

சென்ற மாதம் உறவினர் இல்லத் திருமணத்திற்கென வாங்கிய ஆறு தேநீர்க் குவளைகளை நம் இளைய மகள் பொதிந்துகொண்டிருந்தாள். பெட்டியை வண்ணத்தாளின் நடுவே கவிழ்த்து வைத்தாள்; சுற்றிவரும் அளவுக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு வெட்டினாள். இருமுனைகளிலும் பெட்டியின் உயரத்தில் பாதிக்குச் சற்று மிகுதியாகத் தாள் நின்றது. மிஞ்சினால் மடிப்பு புடைக்குமாம். பக்கங்களை உள்ளே தள்ளி, முக்கோணமாய் விழுந்த தாளை நகத்தால் நீவி ஒட்டினாள்.

"கிழித்தெறியப் போகும் தாளுக்கு இத்தனை பாடா? இஸ்ராஃப் அல்லவா?" என்றோம். ஓதிக்கொடுக்கும் வாய் சும்மா இருப்பதில்லை.

"பொதியாமல் கொடுத்தால் அங்கேயே எல்லாரும் விலை மதித்துவிடுவார்கள், வாப்பா" என்றாள். நம்மிடம் விடையில்லை.

திருமறையின் ஏழாம் அத்தியாயம் 26ஆம் வசனம் ஆடைக்கு இரண்டு பயன்களைச் சொல்லிற்று: மானத்தை மறைப்பது ஒன்று, அலங்காரமாவது மற்றொன்று. பொருளின் மேலுறையில் அலங்காரத்தையே நாம் கண்டோம், மறைப்பதைக் காணவில்லை. சீர்த்தட்டுகளைத் திறந்தபடி ஊரறியக் கொண்டுசெல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கடன்பட்டேனும் தட்டை நிரப்பிய தகப்பன்மார் எத்தனை பேர்! அண்டை வீட்டார் அனுப்புவது ஆட்டின் குளம்பேயாயினும் அற்பமாகக் கருதலாகாது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் பெண்களுக்கு அறிவுறுத்தியதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். நாலுபேர் நடுவில் அந்தக் குளம்பின் மானத்தைக் காப்பது ஒரு முழம் தாள் என்றால், அதனை வீண்விரயம் என்று எவ்வாறு சொல்வது?

எனினும் மறைப்பதெல்லாம் மானங்காப்பதாகிவிடாது. சந்தையில் தானியக் குவியலுள் கைவிட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அடியில் ஈரங்கண்டு, நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்தார்கள். அன்பளிப்பில் விலை பேசுவோர் இல்லையே, வஞ்சகம் ஏது எனலாம். உண்டு. உள்ளங்கையளவு பொருளை முழநீளப் பெட்டியிலிட்டு, இடைவெளியில் பழந்தாளைத் திணித்துப் பொதிபவர் எதனை மறைக்கிறார்? சிறியதைச் சிறியதாகவே பொதிந்தால் அது மறைப்பு. பெரியதுபோற் பொதிந்தால் அது பொய். பெறுபவர் காசு கொடுக்கவில்லைதான். சபை நடுவே நன்றியை முன்னதாகக் கொடுத்துவிடுகிறாரே!

விலைச்சீட்டைப் பிரிக்க மறந்தது போல் விட்டுவைப்பவரும் உளர். அவரைப் பற்றி எழுத மையைச் செலவிடுவானேன்?

விரயம் பற்றிய நம் கேள்வியை முற்றிலும் கைவிட்டோமல்லோம். பளபளப்புக்காக நெகிழிப் பூச்சிட்ட தாள் மண்ணில் மக்குவதில்லை. காகித ஆலையிலும் எளிதில் கூழாவதில்லை. நாட்காட்டித் தாளின் வெண்புறம், பழுப்புத்தாள், பின்னர் மேசைவிரிப்பாகும் பூத்துணி, நம் பெண்கள் முடைந்த மூடியிட்ட ஓலைப்பெட்டி ஆகியவற்றுள் எதுவும் அதே மறைப்பைத் தரும். இதனைச் சொன்னபோது மகள் மறுக்கவில்லை. ஒட்டிய தாளை மட்டும் பிரிக்க இசையவில்லை.

திருமண நாளன்று மண்டபத்து மேசைமீது பொதிகள் குவிந்து கிடந்தன. நூலால் கட்டிய பழுப்புத்தாள் பொதி ஒன்றும் அவற்றிடையே இருந்தது. நம்முடையது எதுவென்று தேடினோம், அடையாளம் தெரியவில்லை.