தூரத்துத் துயரம்

அர்ரூம் அத்தியாயத்தை ஓதிக் கொடுக்கையில், 'குலிபத்' என்பது செயப்பாட்டு வினை என்று சொல்லி நகர்ந்து விடுகிறோம். இலக்கணம் வேண்டியதே. ஆனால் தோற்றவர் யார், எங்கே தோற்றனர் என்று சுட்டிக்காட்ட நம் மத்ரஸாக்களில் எத்தனையில் ஒரு தேசப்படம் தொங்குகிறது?

கி.பி. 614இல் பாரசீகர் பைத்துல் முகத்தஸைக் கைப்பற்றினர். அக்காலத்தில் சொந்த ஊராராலேயே வதைபட்டுக்கொண்டிருந்த மக்கா முஸ்லிம்கள், கிறித்தவரான ரோமரின் தோல்விக்காக வருந்தினர் என்கின்றனர் விரிவுரையாளர்கள். வேதமுடையோர் என்ற நெருக்கம் அதற்குக் காரணமே. ஆயினும் தம் துயரமே தமக்குப் போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

நம் பிள்ளைகளுக்கு உலகச் செய்தி எட்டாமலில்லை. கைபேசி கொண்டுவந்து கொட்டுகிறது. 2023 ஏப்ரலில் சூடானில் ராணுவத்துக்கும் துணைப்படை ஒன்றுக்கும் போர் மூண்டது. 2024க்குள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடுவாசல் துறந்து ஓடினர். இதை வகுப்பில் சொன்னால், "நாம் யார் பக்கம், ஹஜ்ரத்?" என்பதே முதற் கேள்வியாக வருகிறது. இரு தரப்பாரும் கலிமாச் சொன்னவர்கள்தாம் என்றதும் ஆர்வம் வடிந்துவிடுகிறது. பகைவனைக் காட்டாதவிடத்து இரக்கம் எழவில்லையென்றால், இதுகாறும் நாம் அவர்களிடம் வளர்த்தது இரக்கந்தானா, வெறும் கோபமா?

அக்கேள்வி வரும் நாளில் கிதாபை மூடிவைத்து, படத்தில் கார்த்தூமைக் காட்டலாம். நள்ளிரவில் அங்கிருந்து ஓடிய தாய் ஒருத்தி, ஒரு கையில் குழந்தையிருக்க, மறு கையில் எதை எடுத்திருப்பாள் என்று கேட்கலாம். பதில் உடனே வராது. அன்றைய பாடம் பின்தங்கும், பின்தங்கட்டும்.