திறமையும் அறப்பொறுப்பும்

எத்தொழிலைச் செய்யினும் அதனைப் பிழையறச் செய்தல் வேண்டும் என்பது எல்லாச் சமூகங்களும் தம் பிள்ளைகளுக்குப் புகட்டும் பாடமாகும். தச்சனையோ பொற்கொல்லனையோ வைத்தியனையோ உலகம் பாராட்டும்போது அவனது கவனத்தையே முதற்கண் பாராட்டுகின்றது. ஆயின், கவனம் என்பது தன்னளவிலேயே ஓர் அறமாகுமா? அன்றி, அது யார்பொருட்டுச் செலுத்தப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அறமாகுமா? இவ்வினாவை ஆராய்வதற்குப் பொற்கொல்லனின் பட்டறை உதவாது. நல்ல பொருளை நன்றாகச் செய்பவனிடத்தில் திறமையும் அறமும் ஒன்றாகவே தோன்றும். அவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டவல்ல தொழிலொன்றையே நோக்குதல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கி ரவைகளைத் தம் வீட்டு மேசையிலேயே கையால் நிரப்பிக்கொள்வோர் பலர் உளர். ரவை ஒன்று நான்கு உறுப்புகளால் ஆனது: பித்தளைக் கோது, அதன் அடியிற் பொருத்தப்படும் பிறைமர் எனும் தீமூட்டி, உள்ளே இடப்படும் வெடிமருந்து, வாயிற் செருகப்படும் சன்னம். சுட்டபின் மருந்து எரிந்துவிடும், சன்னம் பறந்துவிடும், தீமூட்டி பயனற்றுப்போகும். எஞ்சுவது கோது மாத்திரமே. அதனை எறிந்துவிடாது மீண்டும் உருவமைத்து நிரப்புவதே இக்கைத்தொழிலாகும். சிக்கனத்திற் பிறந்த இவ்வழக்கம் காலப்போக்கில் துல்லியத்தின்மீது கொண்ட பற்றாக வளர்ந்தது.

1950இல் றெமிங்டன் நிறுவனம் தன் பொறியியலாளர் மைக் வோக்கர் வடிவமைத்த .222 எனும் சிறுவிட்ட ரவையை அறிமுகஞ் செய்தது. பயிரழிக்கும் சிறுவிலங்குகளை வேட்டையாடுவதற்கும், மேசைமீது துப்பாக்கியைத் தாங்கிவைத்து இலக்கைச் சுடும் போட்டிகளுக்கும் அது பெரிதும் பயன்பட்டது. அப்போட்டிகளில் கால் நூற்றாண்டு காலம் அதுவே தலைமை பெற்றிருந்தது. அதனைக் கையால் நிரப்புவோர் மருந்தை அளக்கும் அலகு 'கிறெயின்' எனப்படும். ஓர் இறாத்தலில் 7,000 கிறெயின்கள் உள. ஒரு கிறெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர் குன்றிமணியால் பொன்னை நிறுத்தமைபோல, வாற்கோதுமை மணியொன்றின் எடையிலிருந்து பிறந்த அளவு இது. அதன் பத்திலொரு பங்கையும் தராசிலிட்டு நிறுப்பவரின் கையில் மிக உயர்ந்த கவனம் குடிகொண்டிருக்கின்றது என்பதில் ஐயமில்லை.

எனினும், இக்கவனம் அறமாகுமா என்பதே வினா. ஒரே கோதில் மருந்தைத் தவறுதலாக இருமுறை இட்டுவிட்டால் துப்பாக்கி சுடுபவரின் முகத்தருகே வெடித்துச் சிதறக்கூடும். நிரப்புபவரும் சுடுபவரும் ஒருவரே. ஆகவே தம் கண்ணையும் கையையும் காத்துக்கொள்ளும் எண்ணமே அவரது கவனத்தைக் காவல் செய்கின்றது. ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவல் கான்ற் 1785இல் வெளியிட்ட தமது நூலில் ஒரு கடைக்காரனை எடுத்துக்காட்டுகிறார். விபரமறியாதவனிடமும் அவன் கூடுதல் விலை பெறுவதில்லை. ஆனால் அவ்வாறு நடப்பது வியாபாரத்துக்கு நன்று என்பதாலேயே அவன் அவ்வாறு நடக்கிறான். அவன் செயல் சரியானது. ஆயினும் அறமதிப்பு உடையதன்று என்பது கான்ற்றின் கருத்து. தனக்கென ரவை நிரப்புபவனின் கவனமும் இக்கடைக்காரனின் நேர்மையைப் போன்றதே. அதனை இகழவேண்டியதில்லை, ஆயின் அறமெனப் போற்றவும் இயலாது. அவனது அறம் சோதிக்கப்படுவது, பிழையின் விலையைப் பிறரொருவர் கொடுக்க நேரும் இடத்திலேயாகும்.

அத்தகைய சோதனை வரலாற்றிலேயே நிகழ்ந்துள்ளது. .222 ரவையின் கோதைச் சற்று நீட்டி உருவாக்கப்பட்ட ரவையே எம்-16 துப்பாக்கிக்கு உரியதாகி வியட்நாம் போர்க்களத்தை அடைந்தது. அத்துப்பாக்கி தொடக்கத்திற் பரிசோதிக்கப்பட்டபோது ஒருவகை மருந்து பயன்படுத்தப்பட்டது. பின்னர் இராணுவம் வேறுவகை மருந்தை ஏற்றுக்கொண்டது. புதிய மருந்து துப்பாக்கியின் சுடுவேகத்தை மிகுவித்தது. உள்ளே அழுக்கையும் கூடுதலாகப் படியச் செய்தது. துப்பாக்கியின் அறைக்குக் குறோமியப் பூச்சு இடப்பட்டிருக்கவில்லை. துப்புரவுக் கருவிகளும் போதியளவு வழங்கப்படவில்லை. சுட்ட கோது வெளியேறாது சிக்கிக்கொள்ள, செயலிழந்த துப்பாக்கியுடன் வீரர்கள் எதிரியின் முன் நின்றனர். 1967இல் றிச்சட் ஐக்கோட் தலைமையில் அமெரிக்கக் காங்கிரசின் உபகுழுவொன்று இதனை விசாரித்து, மருந்து மாற்றத்தையும் பொறுப்பானோரின் நடத்தையையும் வன்மையாகக் கண்டித்தது.

வீட்டு மேசையிலிருந்து தனக்கென நிரப்புபவன் மருந்தின் வகையை மாற்றினால் சிறிது சிறிதாகச் சோதித்துப் பார்த்தே மேலே செல்வான். பல்லாயிரம் இளைஞருக்கென நிரப்புவித்தவர்களோ அத்துணை எச்சரிக்கையைக் காட்டவில்லை. அவர்களிடம் அறிவு குறைந்திருக்கவில்லை, தராசுகளும் குறைந்திருக்கவில்லை. குறைந்திருந்தது, பிறனது உயிரைத் தன்னுயிராக எண்ணும் மனம் ஒன்றே.

இதனினும் விரிந்த வட்டமொன்று உண்டு. சன்னம் சென்று பட்ட இடத்திற்கு அப்பால் நிகழ்வது என்ன? கலிபோர்ணியாவின் கொண்டோர் கழுகு இதற்குச் சான்று பகரும். 1982இல் அவ்வினத்தில் இருபத்திரண்டு பறவைகளே எஞ்சியிருந்தன. 1987இல் காட்டில் வாழ்ந்தவை யாவும் பிடிக்கப்பட்டுக் கூட்டில் இனப்பெருக்கஞ் செய்யப்பட்டு, 1992 முதல் மீண்டும் விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்பட்ட பறவைகளைக் கொல்லும் காரணங்களுள் முதன்மையானது ஈயநஞ்சு. ஈயச் சன்னம் விலங்கின் உடலிற் பட்டதும் நுண்துணுக்குகளாகச் சிதறுகின்றது. வேடர் விட்டுச்செல்லும் குடலையும் பிணத்தையும் உண்ணும் கழுகு அத்துணுக்குகளையும் உண்டு மடிகின்றது. 2019 யூலை முதலாந் திகதியிலிருந்து கலிபோர்ணியா மாநிலம் முழுவதிலும் வேட்டைக்கு ஈயச் சன்னங்களைப் பயன்படுத்துதல் தடைசெய்யப்பட்டது. ஒரு கிறெயினின் பத்திலொரு பங்கையும் நிறுத்த அதே கைகள், அவ்வீயம் எங்கு சென்று தங்கும் என்பதை நெடுங்காலம் நிறுத்துப் பார்க்கவில்லை.

இங்குத் தடையொன்று எழுப்பப்படலாம். பொறுப்பின் வட்டத்தை இவ்வாறு விரித்துக்கொண்டே சென்றால் அதற்கு எல்லைதான் யாது? பித்தளையை உருக்கியவனும் குற்றவாளியா? செம்பை அகழ்ந்தவனும் குற்றவாளியா? எல்லோரும் பொறுப்பாளிகள் என்றால் எவருமே பொறுப்பாளியல்லர் என்றாகிவிடாதா? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று.

இதற்குரிய விடை, பொறுப்பு அறிவுடன் சேர்ந்தே வளர்கின்றது என்பதாகும். இலக்குச் சுடுவோருக்கும் வேடருக்குமென ரவையொன்றை வகுத்த வோக்கர், அதன் வழித்தோன்றல் போர்க்களஞ் செல்லுமென அறிந்திருந்தார் எனக் கொள்ள இடமில்லை. அவர்மீது பழி சுமத்துதல் நியாயமன்று. ஆனால், 500 யார் தொலைவில் உருக்குத் தலைக்கவசத்தைத் துளைக்கவல்ல ரவை வேண்டுமெனக் கேட்ட படைத்துறையினர் தாம் கேட்பது என்னவென்று அறிந்தே கேட்டனர். ஈயத்தின் தீங்கை அறியாத காலத்து வேடன் அறியாமையாற் செய்தான். அறிந்தபின், செம்புச் சன்னமும் கிடைக்கும் காலத்தில், ஈயத்தையே நாடுபவன் தெரிவொன்றைச் செய்கிறான். அறியாமை மன்னிக்கப்படலாம், அறிய மறுத்தல் மன்னிக்கப்படமாட்டாது.

கிரேக்கச் சிந்தனையாளர் இவ்வேறுபாட்டை முன்னரே உணர்ந்திருந்தனர். காவல் புரிவதில் வல்லவன் களவிலும் வல்லவனாவான் என்ற சிக்கலைப் பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் முதற் பகுதியிலேயே எழுப்புகிறார். திறமை இருபுறமும் திரும்பக்கூடியது என்பதே அதன் பொருள். அரிஸ்டோட்டிலும் ஆக்கத்திறனை வேறாகவும் நடைமுறை விவேகத்தை வேறாகவும் வகுத்தார். முன்னையது பொருளை எவ்வாறு செய்வது எனக் காட்டும். பின்னையது எதனைச் செய்வது தகும் என ஆராயும்.

தம் பெயராலேயே உலகறிந்த துப்பாக்கியை உருவாக்கிய மிகையில் கலாஷ்னிக்கோவ் 2013இல் காலமானார். அதற்குமுன் அவர் ருஷ்ய மரபுவழித் திருச்சபையின் தலைவருக்கு எழுதிய கடிதமொன்று 2014இல் வெளிவந்தது. தாம் ஆக்கிய கருவி பறித்த உயிர்களுக்குத் தாம் குற்றவாளியா என்று அதிற் கேட்டிருந்தார். எந்த நீதிமன்றமும் அவரை அக்கேள்வி கேட்கவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த கைவினைஞர் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் பாராட்டப்பட்ட திறமை அதற்கு விடை அளிக்கவில்லை.

கவனம் அறத்தின் கருவியேயன்றி அறம் அன்று. தன்னைக் காக்கும் கவனம் விவேகமெனப்படும். தான் ஆக்கியதைக் கையிலேந்துபவனையும் காக்கும் கவனம் நேர்மையெனப்படும். அது சென்று தாக்கும் உயிரையும் எண்ணித் தயங்கும் கவனமே அறமெனப்படும். மருந்தை நிறுப்பதற்குத் தராசு போதும். மருந்தை இடுவதா விடுவதா என்பதைத் தராசு கூறமாட்டாது. அதனை நிறுப்பவனே கூறல் வேண்டும்.