பயண மூட்டையும் தவக்குலும்

புழல் ஏரி சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. எனவே பெருநாள் விடுமுறையில் படகுச் சவாரியை நாடும் நம் பகுதிக் குடும்பங்கள் முட்டுக்காடு, பிச்சாவரம் என்று புறப்படுகின்றன. அல்லாஹ்வின் அத்தாட்சிகளைக் கண்டு மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் மூட்டை கட்டும்போது ஒரு கேள்வி எழுகிறது. "அல்லாஹ் விதித்ததுதானே நடக்கும்? லைஃப் ஜாக்கெட் எதற்கு? அது தவக்குலுக்குக் குறைவல்லவா?" என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்.

ஹஜ்ஜுக்குக் கட்டுச்சாதம் இல்லாமல் புறப்பட்டு, "நாங்கள் அல்லாஹ்வை நம்பியவர்கள்" என்று சொல்லிக்கொண்டு, மக்காவில் பிறரிடம் கையேந்தியவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். பயணத்துக்கு வேண்டியதைச் சேகரித்துக்கொள்ளுமாறு திருமறை கட்டளையிட்டது; அதனுடன், தக்வாவே மேலான கட்டுச்சாதம் என்றும் அறிவித்தது. இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிட நமக்கு அனுமதி இல்லை.

நூஹ் (அலை) அவர்களைக் கப்பலின்றியே காப்பாற்ற அல்லாஹு தஆலாவுக்கு முடியாதா? முடியும். எனினும் முதலில் கப்பலைக் கட்டச் சொன்னான். பிறகு யாரை, எதை ஏற்றுவதென்று சொன்னான். அதன் பின்னரே பிஸ்மில்லாஹ்வுடன் ஏறுதல் வருகிறது. ஸூரா ஹூதில் இந்த வரிசையைக் காணலாம். நாமோ முதலிரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் ஓதிக்கொள்கிறோம்!

தொழுகையைப் பாருங்கள். ஃபர்ளில் நிற்பது கடமை. ஆயினும் படகில் நின்றால் தலைசுற்றும், தண்ணீரில் விழ நேரும் என்ற அச்சமிருந்தால் உட்கார்ந்து தொழ ஃபிக்ஹு நூல்கள் இடம் தருகின்றன. உயிருக்காகத் தொழுகையின் நிலையிலேயே சலுகை தந்த மார்க்கம், அதே உயிரைக் காக்கும் ஒரு சட்டையையா வெறுக்கும்?

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். இறந்தோர் மீது நாம் குறை சொல்லவில்லை. இருப்போர் படிப்பினை பெறவேண்டும் என்பதே நம் கவலை.

கப்பலின் கீழ்த்தட்டில் இருப்பவர் தம் பங்கில்தானே துளையிடுகிறோம் என்று நினைத்தால் எல்லோரும் மூழ்குவர் என நபி (ஸல்) அவர்கள் உவமை சொன்னார்கள். "இன்னும் ஒருவர்தானே", "இந்த பிரியாணி தேக்சா மட்டும்தானே" என்பதும் அப்படிப்பட்ட துளைதான். சின்னப் படகில் நம் பாரம் நம்முடையது மட்டுமன்று. பக்கத்தில் இருப்பவருடைய பிள்ளையின் மேலும் அது ஏறுகிறது. அது ஹக்குல் இபாத்.

ஆகவே தாய்மார்களே, சுமையைக் குறையுங்கள். குடிநீர், பேரீச்சம்பழம், மருந்து, நனையாமல் உறையிலிட்ட மாற்றுடை ஆகியவை போதும். அடுப்பும் பாத்திரமும் கரையிலேயே இருக்கட்டும். புர்காவின் மேல் லைஃப் ஜாக்கெட் அணிய வெட்கப்படாதீர்கள். அதனால் ஹிஜாபுக்குக் குறைவில்லை. பிள்ளைகளுக்கு அவர்களின் அளவுக்கேற்றதைக் கேட்டு வாங்கி, வாரை நீங்களே இறுக்குங்கள். தலைக்கொன்று இல்லையென்றால், கொடுத்த பணம் போனாலும் ஏறாதீர்கள். "பயந்தாங்கொள்ளி" என்று உறவினர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் துஆ ஓதி ஏறுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். வல்ல நாயன் நம் பயணங்களை ஸலாமத்தாக்கி வைப்பானாக! ஆமீன்.