மழை மாதத்தின் தவம்

வடநாட்டில் வாழ்பவர்களுக்கு மார்கழி, தை மாதங்களின் மூடுபனி எத்தகையதோ, கேரளத்தில் வாழ்பவர்களுக்குக் கர்க்கடகம் அத்தகையது. தமிழ்நாட்டில் ஆடி என்று வழங்கும் இம்மாதம், ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் நிறைவுறுகிறது. கொல்லம் ஆண்டின் கடைசி மாதமும் இதுவே. முற்காலத்தில் அடைமழையால் வயல் வேலை நின்றுவிடும், பத்தாயத்தில் நெல் தீர்ந்துபோகும், நோய்கள் பெருகும். அதனால் இதற்குப் 'பஞ்சக் கர்க்கடகம்' என்று பெயர். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்பாராமல் மழை கொட்டி ஏமாற்றுவதால் 'கள்ளக் கர்க்கடகம்' என்றும் சொல்வார்கள்.

தமிழ் வழங்கும் எல்லைப் பகுதிகளில் இம்மாதத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. பாலக்காட்டின் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மழை குறைவு. கணவாயின் காற்றே மிகுதி. இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலோ நாள் முழுவதும் மழை; தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் துணி உலர்வதும் அரிது. பல நாட்கள் சூரியனைக் காணாதபோது மனமும் சோர்ந்துவிடுகிறது. இந்தச் சோர்வை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டார்கள்?

சிறு நியமங்கள்

அவர்கள் பெரிய பரிகாரம் எதையும் தேடவில்லை. மாதம் பிறப்பதற்கு முன்பே வீட்டைக் கூட்டி மெழுகினார்கள். பழையதையும் உடைந்ததையும் அகற்றி, சேட்டையை வெளியே அனுப்பி, திருமகளை உள்ளே அழைத்தார்கள். அறுகு, சிறுபூளை, விஷ்ணுகிராந்தி, கரிசலாங்கண்ணி, முடக்கற்றான் முதலிய பத்து மூலிகைகளைத் 'தசபுஷ்பம்' என்று போற்றி விளக்கின் முன் வைத்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். ஞவரை அரிசியுடன் வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சிய கர்க்கடகக் கஞ்சியைச் சூடாகப் பருகினார்கள். மாலையில் நிலவிளக்கை ஏற்றி, அதன் முன் அமர்ந்து இராமாயணம் படித்தார்கள். மாதப் பிறப்பன்று தொடங்கிய பாராயணம் மாதக் கடைசியில் நிறைவுறும்.

இவை ஒவ்வொன்றும் மிக எளியவை. ஆயினும் இவற்றுள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வீடு தூய்மையாகிறது, உடல் சூடு பெறுகிறது, குடும்பம் ஒரே விளக்கின் முன் கூடுகிறது, நாவு நல்ல சொல்லைச் சொல்கிறது. சோர்ந்த மனத்திற்குத் 'தைரியமாக இரு' என்று கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்கு ஒரு சுடரும் கொடுத்தால், மனம் மெல்லப் பின்தொடர்ந்து வருகிறது.

சோகநாசினிக் கரையில்

இம்மாதத்தில் கேரள இல்லங்களில் படிக்கப்படுவது துஞ்சத்து எழுத்தச்சனின் 'அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு'. அவர் தம் இறுதிக் காலத்தைப் பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூரில் கழித்தார் என்பது மரபு. அங்கே தெற்கு கிராமத்தில் அவரது குருமடம் இன்றும் உள்ளது. அதன் அருகே ஓடும் ஆற்றுக்குச் 'சோகநாசினி' என்று பெயர். துயரத்தை அழிப்பவள் என்பது பொருள். மழை மாதத்துத் துயரத்தைத் தணிக்கும் நூலை இயற்றியவர் அத்தகைய ஆற்றின் கரையில் தங்கினார் என்பது நினைந்து மகிழத்தக்கது.

அந்நூலின் கிஷ்கிந்தா காண்டத்தில் ஒரு கட்டம் உண்டு. வாலி மறைந்துவிட்டான், மழைக்காலம் வந்துவிட்டது. சீதையைத் தேடப் படை புறப்பட வழியில்லை. இராமனும் இலக்குவனும் மலைக் குகையில் காத்திருக்கிறார்கள். அப்போது இலக்குவன், இறைவனை வழிபடும் முறையைக் கேட்கிறான். இராமன் 'கிரியா மார்க்கத்தை', அதாவது அன்றாட வழிபாட்டு நியமங்களை உபதேசிக்கிறான். எதுவும் செய்ய இயலாத நாட்களில் எதைச் செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த விடை உண்டோ?

உபதேசம் செய்த அதே இராமனே அடுத்துச் சீதையை நினைந்து வருந்துவதையும் அந்நூல் மறைக்காமல் காட்டுகிறது. நியமம் துயரத்தை மாயமாக மறையச் செய்துவிடாது. துயரத்தோடு வாழ்வதற்கு அது ஒரு பற்றுக்கோடு. ஆகவே, விளக்கேற்றிய பின்னும் மனம் கனக்கிறது என்றால், தம் பக்தியில் குறை என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. வால்மீகியின் காவியத்திலும், கலங்கிய அண்ணனை இலக்குவன் கடிந்துகொள்ளவில்லை. மழை நீங்கும் காலம் வரும் என்று தேற்றி, சாம்பல் மூடிய நெருப்பைப் போன்ற அவனது ஊக்கத்தை எழுப்புகிறான். சோர்ந்தவருக்குத் தேவை அருகில் ஓர் இலக்குவன். சோர்வு நீங்காமல் நீடிக்குமானால் மருத்துவரை நாடுவதும் தக்கதே.

மலை சரிந்த இரவு

இங்கே ஒரு கேள்வி எழலாம். 2020 ஆகஸ்ட் 6 அன்று, கர்க்கடக மாதத்து இரவில், மூணாறு அருகே ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 70 உயிர்கள் மறைந்தன. பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். அத்தகைய துயரத்தின் முன் விளக்கும் கஞ்சியும் என்ன செய்யும்?

விளக்கு மலையைத் தடுத்து நிறுத்தாது. அவ்வாறு எந்தச் சாத்திரமும் வாக்களிக்கவில்லை. வால்மீகியின் இராமன் குகைக்குள் தங்குவதற்கு முன், நிலம் எப்பக்கம் சரிகிறது, எப்பக்கம் உயர்ந்துள்ளது, காற்று தாக்குமா என்றெல்லாம் ஆராய்ந்து தம்பியிடம் கூறுகிறான். அவதார புருஷனே நிலத்தின் சரிவைப் பார்த்துத்தான் தங்கினான்! ஆபத்தான சரிவில் வாழ்பவர்கள், எச்சரிக்கை வந்தவுடன் வீட்டை விட்டு வெளியேறுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது, அது விவேகம். அவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடு அமைய உதவுவது மற்றவர்களின் தர்மம்.

இழந்தவர்களுக்கு உபதேசம் தேவையில்லை. உடன் இருப்பவர்களே தேவை. தன் வீட்டுக் கஞ்சியில் ஒரு பாத்திரம் அண்டை வீட்டுக்குச் செல்லும்போதுதான் கர்க்கடக விரதம் நிறைவு பெறுகிறது. இலை, மலர், கனி, நீர் எதுவாயினும் பக்தியுடன் தந்தால் ஏற்பதாகக் கீதையில் பகவான் அருளுகிறார். தனித்திருக்கும் முதியவரின் கையில் கொடுக்கும் சூடான ஒரு குவளைச் சுக்கு நீரும் அவனையே சேரும்.

கர்க்கடகத்தை அடுத்து வருவது சிங்கம்; புத்தாண்டும் ஓணமும் பிறக்கும் மாதம். ஆனால் சிங்கத்தை எதிர்பார்த்துக் கர்க்கடகத்தின் நாட்களை வீணே கழிக்க வேண்டியதில்லை. துறவியர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாஸ்ய விரதம் காக்கிறார்கள். இல்லறத்தாருக்கும் இம்மாதம் ஒரு சிறு சாதுர்மாஸ்யமே. தினமும் ஒரு சுடர், ஒரு பக்கம் பாராயணம், ஒருவருக்கு ஓர் உதவி. இந்த மூன்றும் தவறாமல் நடக்கும் வீட்டில் மழை வெளியேதான் பெய்யும். உள்ளே சோகநாசினி ஓடிக்கொண்டிருப்பாள்.